இணையத்துக்கும் ஒரு 43-ஆம் பிரிவு வேண்டும்

மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் விலை வைக்கிறது, தண்ணீருக்கு வாரியம் இருக்கிறது, இணையத்துக்கு மட்டும் கம்பெனிகள் இஷ்டத்துக்கு விலை வைக்கின்றனவே என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்த நாட்களில் 10 முதல் 27 சதவீதம் வரை கட்டணம் ஏற்றியதைச் சுட்டிக்காட்டி, இணையத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவித்து அரசு கட்டுப்படுத்த வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் விலையில் ஆரம்பித்தால் தப்பான வாசலில் போய் நிற்போம். தொலைத்தொடர்பில் கேபிள் வேலையிலேயே என் பாதி வாழ்நாள் ஓடிவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தகவல் பிழையைச் சரிசெய்துவிடலாம். இணையக் கட்டணத்தில் தலையிட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. டிராய் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 1997-ஆம் ஆண்டு டிராய் சட்டத்தின் 11(2) பிரிவு, தொலைத்தொடர்புக் கட்டணத்தை அந்த ஆணையமே அறிவிக்கலாம் என்கிறது. ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது இந்த அதிகாரத்தில்தான். மற்ற மொபைல் கட்டணங்களில் 'போட்டி இருக்கிறது, சந்தையே பார்த்துக்கொள்ளட்டும்' என்று டிராய் தானாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டிய கையை அவிழ்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2019 கடைசியில் 'கட்டணத்தில் தலையிடுங்கள்' என்று கேட்டு நின்றவை கம்பெனிகளேதான். உச்ச விலைக்காக அல்ல, இதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்ற தரை விலைக்காக. டிராயும் அதைப் பற்றி ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. விலையைக் கட்டுப்படுத்தும் சாவியை ஒருமுறை செய்துவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்பதை யோசிக்க இந்த ஒரு சம்பவம் போதும்.

சரி, ஆணையம் விலை வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம், வீட்டு மின்பெட்டியைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் 2014 டிசம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அதன்பின் 2022 செப்டம்பர் வரை, கிட்டத்தட்ட எட்டு ஆண்டு, உயர்த்தவே இல்லை. ஆணையம் தன்னாட்சி பெற்றதுதான், ஆனால் தேர்தல் பக்கத்தில் இருக்கும்போது மின்வாரியம் உயர்வு கேட்டு மனுவே போடாது. விளைவு, ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிய கடன். அப்புறம் ஏற்றும்போது ஒரேயடியாக ஏற்றினார்கள். நீங்கள் சொல்லும் அதே 2024 ஜூலையில் மின்கட்டணமும் 4.83 சதவீதம் உயர்ந்தது என்பது நினைவிருக்கும். இதை மின்வாரியத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இந்த அமைப்பால்தான் முடிந்தது. ஆனால் கட்டணத்தை அரசியல் உறையவைத்தால் முதலில் அடிபடுவது பராமரிப்பு. கேபிள் வேலை பார்த்தவனுக்கு அது உடனே தெரியும்.

இன்னொரு பக்கம், 2016 செப்டம்பருக்கு முன் ஒரு ஜிபி 3ஜி டேட்டா ஏறத்தாழ 250 ரூபாய். அந்த ஒரு ஜிபியை மாதம் முழுக்கச் சிக்கனமாக வைத்துக்கொள்வோம். ஜியோ வந்தது, விலை சரிந்தது. 2024 ஏற்றத்துக்குப் பிறகும்கூட 300 ரூபாய்க்கு 28 நாள், தினமும் ஒன்றோ ஒன்றரையோ ஜிபி கிடைத்தது. எந்த ஆணையமும் இதைச் செய்திருக்காது. அதற்கு நாம் கொடுத்த விலை வேறு: பத்துக்கும் மேல் இருந்த கம்பெனிகள் இன்று மூன்று தனியார், ஒரு பி.எஸ்.என்.எல். என்று சுருங்கிவிட்டன. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாடிக்கையாளர்கள் இரண்டு கம்பெனிகளிடம். ஆக, போட்டி பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் 2016-இல் இருந்த அளவுக்கு இன்று உறுதியாக இல்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மின் இணைப்பைப் 'பொதுச்சேவை' ஆக்குவது அதன் விலை மட்டுமல்ல. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும். லைன் இழுக்க வேண்டியிருந்தால் இழுத்துத் தர வேண்டும். தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய் வரை அபராதம். 56-ஆம் பிரிவு, பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கக்கூட 15 முழு நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும் என்கிறது. 57-ஆம் பிரிவு, தரம் குறைந்தால் இழப்பீடு. புகார் கேட்க நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர்.

இதில் எது இணையத்துக்கு இருக்கிறது?

என் தங்கை வீடு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில். புது வீடு கட்டினார்கள். மின் இணைப்பு ஒரு மாதத்துக்குள் வந்தது, கம்பம் ஒன்று கூடுதலாக நட்டதற்குப் பணம் கட்டினார்கள், அவ்வளவுதான். ஃபைபர் (கண்ணாடி இழை) இணைய இணைப்புக்கு மூன்று முறை மனு போட்டார்கள். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்க ஏரியா ஃபீசிபிள் இல்லை சார்." 700 மீட்டர் தள்ளி மெயின் ரோட்டில் அதே கம்பெனியின் கேபிள் போகிறது. காரணம் எழுத்தில் கொடு என்றால் கொடுப்பதில்லை, எப்போது வரும் என்றால் தெரியாது. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை. தனிப்பட்ட நுகர்வோர் புகார்களை விசாரிப்பது டிராயின் வேலையே அல்ல, சட்டம் அந்த அதிகாரத்தை அதற்குத் தரவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பதிலேயே பல ஆண்டு இழுபறி. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'போகலாம்' என்று சொன்ன பிறகுதான் அது தெளிவானது. இணைப்பு கொடுத்தவன் மேல் வழக்குப் போடலாம், கொடுக்காதவன் மேல் என்ன போடுவது?

ஏர்செல் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டபோது தமிழ்நாட்டில்தான் அதிகம் வலித்தது. சிக்னல் போனது. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றலாம் என்றால் அதற்கான குறியீட்டை எஸ்.எம்.எஸ்ஸில் வாங்க வேண்டும், எஸ்.எம்.எஸ். போகவே சிக்னல் இல்லை. கடை வாசலில் வரிசை, வங்கிக் கணக்கோடு இணைத்த எண் போய்விடுமோ என்ற பயம். ஒரு மின் விநியோக உரிமம் ரத்தானால் மறுநாள் ஊரே இருட்டில் கிடக்க ஆணையம் விடாது, நிர்வாகியை உட்கார வைத்து விநியோகத்தைத் தொடரும். பொதுச்சேவை என்பதன் பொருள் அதுதான்: கம்பெனி செத்தாலும் சேவை சாகக் கூடாது.

எனவே நான் முதலில் கேட்பது கடமையை. விலை அப்புறம். அப்படி ஒரு கடமையை எழுதிவைத்த நாடுகள் இருக்கின்றன. பின்லாந்து 2010 ஜூலையிலேயே ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேக இணைப்பை ஒவ்வொருவருக்கும் சட்ட உரிமையாக்கியது. பிரிட்டனில் 2020 மார்ச் முதல், 10 எம்பிபிஎஸ் கிடைக்காத வீட்டுக்காரர் கேட்டால் இழுத்துத் தர வேண்டும். செலவு 3,400 பவுண்டுக்குள் இருந்தால் வீட்டுக்காரர் கட்டுமானச் செலவு எதுவும் தர வேண்டாம், அதைத் தாண்டினால் மிச்சத்தை அவர் போட்டுக்கொள்ளலாம். மலைமேல் ஒற்றை வீடு கட்டிக்கொண்டு 'எனக்கும் ஃபைபர் கொடு' என்பவரிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் பார்க்கவில்லை. தங்கை வீட்டின் 700 மீட்டருக்கு அந்த வரம்பின் ஒரு மூலைகூட ஆகாது.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் ஏற்கெனவே வசூலாகிறது. கம்பெனிகள் தங்கள் திருத்திய மொத்த வருவாயில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாகக் கட்டுகின்றன. அதில் 5 சதவீதம் கிராமப்புறச் சேவைக்கான நிதி. முன்பு யு.எஸ்.ஓ. (எல்லாருக்கும் சேவை தரும் கடமை) நிதி என்று பெயர், 2023 சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி. அதாவது நம் ரீசார்ஜிலிருந்து போகும் பணம். சேர்ந்ததில் பெரும்பங்கு ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது.

செலவான இடத்திலும் பாடம் இருக்கிறது. அந்த நிதியில் 2011-இல் ஒப்புதல் பெற்ற திட்டம்தான் பின்னாளில் பாரத்நெட் ஆனது. இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இரண்டு ஆண்டில் ஃபைபர் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-இல், 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் போட வேண்டியிருந்தது. கேபிள் பஞ்சாயத்து அலுவலகம் வரை போயிற்று. அங்கே ஒரு பெட்டி. அறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியாது. பேட்டரி இறங்கியிருக்கும். சாலை போட வந்த ஜேசிபி கேபிளை வெட்டியிருக்கும், வெட்டுப்பட்ட இழையை ஒட்டவைக்க (ஸ்ப்ளைசிங்) ஆள் வர எத்தனை நாள் என்று யாருக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் யாரும் கேட்கவில்லை. ஃபைபர் போடுவது கல்யாணம் மாதிரி, போட்டோ எடுப்பார்கள். பராமரிப்பு குடித்தனம், அதற்கு யார் போட்டோ எடுப்பார்கள்? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு மாநில அரசின் ஃபைபர் நிறுவனமான டான்ஃபிநெட் வழியாக இப்போது நடக்கும் வேலையையும் எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்று கணக்கிடாதீர்கள். வெட்டுப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் சரியாகிறது என்று கேளுங்கள்.

அரசே நடத்தட்டும் என்பவர்களுக்கு நம் ஊர் அரசு கேபிள் டி.வி. இருக்கிறது. 2007-இல் பிறந்து, சில ஆண்டு படுத்துக் கிடந்து, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல் என்று எழுந்தது. அது எப்போது படுத்தது, எப்போது எழுந்தது என்பதற்கும் கோட்டையில் யார் இருந்தார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை. கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபான் இதைவிட யோசித்துச் செய்த ஏற்பாடு. மின்வாரியக் கம்பங்களையே பயன்படுத்தி ஃபைபர் இழுத்தார்கள், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று 2017-இல் இலக்கு வைத்தார்கள். 2023 ஜூன் 5-இல் தொடங்கியபோது முதல் கட்டத்தில் கணக்கில் வந்தவை 14,000 வீடுகள். எண்ணம் சரி, வேகம் அரசு வேகம்.

அப்படியானால் அரசு எங்கே கை வைக்க வேண்டும்? மண்ணுக்குள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுக்கு வரும் இணைப்பின் செலவில் பெரும்பகுதி கண்ணாடி இழைக்கு ஆவதல்ல, பள்ளம் தோண்டுவதற்கும் கம்பத்துக்கும் அனுமதிக்கும் ஆவது. ஒரு தெருவில் நான்கு பேர் நான்கு பள்ளம் தோண்டுவது வீண். அதனால் முதலில் தோண்டியவருக்கே அந்தத் தெரு சொந்தமாகிவிடுகிறது. மின்சாரமும் தண்ணீரும் பொதுச்சேவை ஆனதற்கு மூல காரணம் இதுதான், இரண்டாவது குழாய் போடுவது யாருக்கும் கட்டாது. நம் ஊரில் இந்தச் சிக்கலுக்குக் கேபிள்காரர்கள் கண்ட தீர்வு, மின்கம்பத்தில் கொடிக்கயிறு மாதிரி ஆளாளுக்கு ஒரு வயர் கட்டுவது. அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

சிங்கப்பூர் இதை அழகாகப் பிரித்தது. அங்கே வாழும் நம்மவர்களுக்குப் பில்லில் இது கண்ணில் படாது, ஆனால் ஏற்பாடு இதுதான்: தரைக்குள் போகும் இழையை நெட்லிங்க் என்ற ஒரே அமைப்பு வைத்திருக்கிறது. அது நேரடியாக வீட்டுக்கு இணையம் விற்பதில்லை. எந்தக் கம்பெனி கேட்டாலும் ஒரே வாடகைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டு இணைப்புக்கு மாதம் 13.80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024-இலிருந்து 13.50 என்று அந்த வாடகையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அதன்மேல் போட்டி போட்டு விற்பது சில்லறைக் கம்பெனிகள் பாடு. இழை பொதுச்சேவை, அதில் ஓடும் வியாபாரம் சந்தை. தொடக்கத்தில் அரசு நூறு கோடி வெள்ளி வரை மானியம் ஒதுக்கியது என்பதையும் மறக்கக் கூடாது, காற்றில் வரவில்லை. குட்டித் தீவு, அடுக்குமாடிகள், நமக்குப் பொருந்துமா என்பீர்கள். கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் பொருந்தும். இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே பொதுக் கேபிள் பாதைகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். தெரு தோண்டும்போது ஒரு குழாயைக் கூடுதலாகப் புதைத்து எல்லாருக்கும் வாடகைக்கு விட எந்த மாநகராட்சிக்கும் டெல்லி தடையாக இல்லை.

ஆனால் ஒன்று: இந்தியாவில் 2025 தொடக்கத்தில் ஏறக்குறைய 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள், அதில் கம்பிவழி வருவது நாலு கோடிக்குச் சற்று மேல்தான். மற்றதெல்லாம் காற்றுவழி. அலைக்கற்றை ஏலத்தில் போகிறது, கோபுரங்களைப் பல இடங்களில் கம்பெனிகள் பகிர்ந்துகொள்கின்றன, அங்கே 'ஒரே பள்ளம்' வாதம் முழுதாக எடுபடாது. மொபைலுக்கு நான் கேட்பது சின்னது. பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் போதும் என்பவருக்குத் தனி பேக் கட்டாயம் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது அல்லவா, அதேபோல் மிகக் குறைந்த டேட்டாவுக்கு ஒரு அடிப்படை பேக், அதன் விலையை மட்டும் டிராய் சட்டத்தின் 11(2)-இன் கீழ் கட்டுப்படுத்துங்கள். ரேஷன் அட்டை, ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றையும் கைபேசிக்குள் தள்ளிய அரசுக்கு அந்தக் கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பு உண்டு. மேலே உள்ள பேக்குகளை விட்டுவிடலாம்.

அமெரிக்காவை உதாரணம் காட்டுபவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே நடந்த சண்டை முழுக்க ஒரு பெயர்ச் சண்டை: இணைய நிறுவனம் தொலைபேசிக் கம்பெனி மாதிரி எல்லாரையும் பேதமின்றி ஏற்றிச்செல்ல வேண்டியதா, இல்லை வெறும் 'தகவல் சேவை'யா? 2002-இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் தகவல் சேவை என்றது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்கலியா, வீட்டுக்குப் பீட்சா கொண்டுவரும் கடை 'நாங்கள் டெலிவரி செய்வதில்லை' என்று சொல்வது போல இருக்கிறது என்று கேலி செய்தார். 2015-இல் ஒபாமா காலத்தில் 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் இரண்டாம் தலைப்பின்கீழ் பொதுச்சேவை ஆக்கினார்கள், 2017-இல் டிரம்ப் காலத்தில் நீக்கினார்கள், 2024 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரி 2-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பலரும் கவனிக்காத ஒன்று: 2015 உத்தரவுகூட விலைக் கட்டுப்பாட்டை வேண்டாம் என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்தது. பாகுபாடு கூடாது என்பதுதான் அதன் சாரம். அதை நாம் அவர்களைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டோம். 2015-இல் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின, 2016 பிப்ரவரி 8-இல் தளத்துக்குத் தளம் டேட்டா விலை வேறுபடக் கூடாது என்று விதி வந்தது, சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. பொதுச்சேவை ஒழுங்குமுறையில் ஒரு பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இல்லாத பாதியில் பெரியது, துண்டிக்காமல் இருக்கும் கடமை. இங்கே குற்றவாளி கம்பெனி அல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய 4ஜி 2021 பிப்ரவரியில்தான் முழுதாகத் திரும்பியது. ராஜஸ்தானில் ஆசிரியர் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கவே நிறுத்தியிருக்கிறார்கள். தேர்வு நாளில் ஊருக்கு மின்சாரத்தை நிறுத்தினால் விடுவோமா? 2020 ஜனவரி 10-இல், காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. இணையம் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்குள் வருகின்றன என்றது. இணைய இணைப்பே அடிப்படை உரிமையா என்பதை மட்டும் தொடாமல் விட்டது. கேரள உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், விடுதியில் கைபேசிக்குத் தடை போட்டதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணைய அணுகலைக் கல்வி உரிமை, தனியுரிமை இரண்டின் பகுதியாகச் சொல்லிவிட்டது.

தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் மின்வாரியம் எந்த ஃபீடரில் (மின்பாதையில்) எத்தனை முறை, எத்தனை நிமிடம் மின்சாரம் போனது என்று கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இணையத்தை நாட்டில் எங்கெங்கே எத்தனை முறை நிறுத்தினீர்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டபோது, தொலைத்தொடர்புத் துறையிடமும் உள்துறையிடமும் அந்தப் பதிவேடே இல்லை என்பதுதான் தெரியவந்தது. 2021 டிசம்பரில் வந்த அறிக்கை அது. பொதுச்சேவை ஆக்குவதென்றால் நான் அந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்குவேன், ஜூலை மாத ரீசார்ஜ் விலையிலிருந்து அல்ல.